ஐந்து மணிக்குள் ஆடு சிலுப்ப வேண்டும்

இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஆடு அசையவில்லை.

"ஆடு ஒடம்பச் சிலுப்பினாத்தான் சார் சாமி உத்தரவு. அதுக்கு முன்னாடி ஒருத்தனும் கடப்பாறையத் தொடமாட்டான்" என்றான் தலையாரி முனியன்.

பொறியாளர் ராஜாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. மார்ச் முப்பத்தொன்று. கரியாலூருக்கும் மேலே இருந்த அந்த மலையூரில், வாடகை வீட்டில் நடந்துவந்த கிராம நிர்வாக அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டப் பணம் வந்திருந்தது. ஐந்து மணிக்குள் அஸ்திவாரக் குழியின் படம் கள்ளக்குறிச்சிக்குப் போகாவிட்டால் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு கட்டடப் பணத்தைத் திருப்பி அனுப்பியவர் அவர். இதுவும் போனால் வெளிமாவட்டத்துக்கு மாற்றல். மகளுக்கோ பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"இன்னொரு குடம் ஊத்துய்யா!"

ஊற்றினார்கள். சேம்பு இலையில் விழுந்தது போல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பளபளவென்று நின்ற ஆடு, தன் கழுத்து மாலையிலிருந்தே ஒரு பூவைத் தின்றது.

"செருப்போட நிக்கிறீங்களே சார், அதான்" என்று முனியன் வருத்தப்பட்டான்.

ராஜாங்கம் செருப்பைக் கழற்றினார். பாறை சுட்டது. அவர் குதித்தார், ஆடு குதிக்கவில்லை.

"குளிச்சீங்களா சார்?"

"காலையிலயே குளிச்சிட்டேன்யா."

"அது கள்ளக்குறிச்சித் தண்ணியாச்சே. எங்க சாமிக்கு எங்க சுனைத் தண்ணிதான்."

சட்டை பேன்ட்டோடு அவர் தலையில் ஒரு குடம் கவிழ்ந்தது. சுனையின் குளிரில் ராஜாங்கம் உச்சி முதல் பாதம்வரை உதறினார்.

"சார் சிலுப்பிட்டாரு!" என்று கத்தினாள் வேலைக்கு வந்திருந்த குஞ்சம்மாள். "இன்னா முனியன் மாமா, இவரையே வெட்டிடலாமா?"

கடப்பாறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மணி நாலே கால். "வேற ஆடு புடிச்சா இன்னா?" என்றார் ராஜாங்கம்.

முனியன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமிய ஏமாத்தலாமா சார்? வேணுன்னா காதுல ஊதிப் பாருங்க."

குனிந்து ஊதினார். ஆடு அவர் சட்டைப் பையிலிருந்த வரைபடத்தை உருவி மென்றது. பிடுங்கப் போனார், மிரண்டு ஓடியது. அளந்து நட்டிருந்த முளைக்குச்சிகளும் நூலும் அதன் காலில் சிக்கி, பின்னாலேயே போயின. படம் எடுக்க இப்போது வெறும் தரைதான் இருந்தது.

மணி ஐந்து. கைப்பேசி அலறியது.

"பணம் போயாச்சு" என்றார் மேலதிகாரி. "நீங்களும் மூட்டையக் கட்டுங்க."

முனியன் டீ வாங்கித் தந்தான். பையையும் பஸ் நிற்கும் இடம்வரை தூக்கி வந்தான். "மனசு வுட்றாதீங்க சார். சாமியே வேணான்னுட்டா நாம இன்னா பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஆட்டுக்காரி இருசம்மாள் தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்தாள்.

"நல்ல ஆடும்மா உன் ஆடு" என்றார் ராஜாங்கம், ஈரச் சட்டையைப் பிழிந்தபடி. "மூணு குடம் ஊத்தியும் ஒரு மயிர் ஆடல."

அவள் பிசுபிசுத்த கையைப் புடவையில் துடைத்தாள்.

"எப்டி சார் ஆடும்? வெடியக்காலையிலயே முனியன் அரைப் படி வெளக்கெண்ணெய இது மேல தேச்சிக்கினு இருந்தான். இன்னாடான்னு கேட்டா, 'புது ஆபீசு வந்துட்டா என் வூட்டுக்கு யாரு வாடகைக்கு வருவா'ன்றான்!"