உப்புக்காத்து அன்ரி கப்பல் ஏறினார்

இந்து சமுத்திரத்தோடு தனி ஆளாகச் சண்டை பிடித்து, பதினாலு வருடம் அதை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்த ஒரே பிறவி எங்கள் உப்புக்காத்து அன்ரிதான். கடற்படை வைத்திருந்த ராசாக்களாலும் முடியாத காரியம் அது. அன்ரியிடம் இருந்த ஆயுதமோ ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் ஒரு பழைய பெனியன் துண்டும்தான்.

கொழும்பு வெள்ளவத்தை மெரின் டிரைவில், கடலைப் பார்த்த அடுக்குமாடியில், நாலாம் மாடியில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். லிப்டில் ஏறி இறங்கும் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பது வெள்ளவத்தையில் பால்குடிக்கும் தெரியும். நாங்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்கு ஒரு ஏசி, மூன்று வருடத்துக்கு ஒரு ரீவி என்று கடலுக்குப் படையல் வைத்துவிட்டுத் தலைவிதி என்று இருந்தோம். அன்ரி அப்படி இருக்கவில்லை. வீடு வாங்கிய முதல் மாதமே பல்கனியை மேலிருந்து கீழ்வரை கறுப்புத் தறப்பாளால் அடைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? பிரிட்ஜுக்குக் கையும் கழுத்தும் வைத்த ஒரு சட்டை. காலிங் பெல்லுக்குப் பொலித்தீன் உறை. அமத்தினால் பூனை இருமுவது போல ஒரு சத்தம் வரும். ஈரம் பிடிக்கக்கூடாத சாமான் எல்லாம் அரிசி வாளிக்குள் புதைக்கப்படும். ஒருநாள் உதவிக்குச் சமையலறைக்குப் போன என் மனைவி, ஒரு சுண்டு அரிசி அள்ளப் போய்க் கத்தரிக்கோலோடு திரும்பி வந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் வாசலுக்கு வெளியே ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். உடுப்பில் ஒட்டிய உப்பு கொட்டுப்படவேண்டுமாம். கனடாவில் இருந்து வந்த மருமகன் படம் எடுக்கத் தறப்பாளை ஒரு முழம் விலக்கிவிட்டார். அன்ரி ஓடிவந்து கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் துடைத்த கையோடு மருமகனையும் ஒருக்கால் துடைத்துவிட்டார்.

"ஏன் அன்ரி இவ்வளவு பயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, கள்ளன் ஒருநாள்தான் வருவான். உப்புக்காத்து ஒவ்வொருநாளும் வரும். யாழ்ப்பாணத்திலை எங்களுக்கு ஒரு வீடு நிறையச் சாமான் இருந்தது. சண்டை நேரம் வெளிக்கிட்டு வரேக்கை ஒரு சூட்கேசும் ஒரு குடையும்தான் கொண்டு வந்தனாங்கள். உந்தப் பிரிட்ஜ் அதுக்குப் பிறகு வாங்கின முதல் சாமான். இனி ஒண்டையும் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன், கடலுக்கும் குடுக்கமாட்டன்."

அன்றிலிருந்து நான் மற்ற எல்லாவற்றுக்கும் சிரித்தேன். பிரிட்ஜின் சட்டைக்கு மட்டும் சிரிப்பதில்லை.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அவருடைய கணவர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற அங்கிள், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போன்ற மனிதர். பின்னேரம் ஐந்தரைக்குப் படி இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, கல்லில் தனியே குந்தியிருந்து சூரியன் விழுவதைப் பார்ப்பார். சில நாள் நானும் பக்கத்தில் இருப்பேன்.

"நான் இந்த வீட்டை வாங்கினதே ஒரு விசயத்துக்குத்தான் தம்பி. பின்னேரத்திலை அவவும் நானும் பல்கனியிலை இருந்து, பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு பொழுதுபடுறதைப் பாக்கவேணும். அதுக்கெண்டு ரண்டு இரும்புக் கதிரையும் வாங்கினனான். அது ஸ்டோர் ரூமிலை பொலித்தீன் சுத்தி நிக்குது. ஒரு தொலைநோக்கி வாங்கினனான். அது அரிசிக்கை கிடக்குது."

"தனிய எண்டாலும் பாக்கிறீங்கள்தானே அங்கிள்."

"தனியப் பாத்தால் அது வெறும் வெளிச்சம்."

பிறகு மேலே வந்து, தன் வீட்டு வாசலில் உப்பு கொட்டுப்பட ஐந்து நிமிடம் நிற்பார்.

இப்படியிருக்க, நாற்பதாவது கலியாண நாளுக்கு மகள் கனடாவில் இருந்து கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். கொழும்பில் ஏறி, தெற்கைச் சுற்றித் திருகோணமலை பார்த்து, மூன்று இரவில் திரும்பும் உல்லாசக் கப்பல். துணைக்கு நாங்களும் சேர்ந்தோம். அங்கிளுக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. அன்ரியும் ஓம் என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கப்பலின் நட்ட நடுவில், யன்னல் இல்லாத அறை வேண்டும். கடலுக்குப் போய்க் கடல் தெரியாத அறை கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

துறைமுகத்தில் கப்பலைக் கண்டதும் அன்ரி நின்றுவிட்டார். பத்து மாடி உயரம். தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சாய்த்து, கொண்டை தோளில் முட்டும்வரை பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இது முழுக்க இரும்போ?"

"ஓமப்பா."

"உப்புத் தண்ணிக்குள்ளையோ நிக்குது?"

"கப்பல் வேறை எங்கை நிக்கும்?"

"ஐயோ கடவுளே, இதுக்கு ஒருத்தரும் எண்ணெய் பூசேல்லையோ!"

ஏறிய கையோடு பெனியன் துண்டு வெளியே வந்தது. அறைக் கைப்பிடி, கட்டில் கால், குளியலறைக் குழாய் எல்லாம் தேங்காய் எண்ணெயில் மினுங்கின. துவாய் கொண்டுவந்த பையனிடம், "மல்லி, மேகட பொல்தெல் காண்ட ஓனே" என்று எண்ணெய் பூசும் முறையைச் சிங்களத்தில் படிப்பித்தார். அந்தக் கைப்பிடியைப் பிடித்த எவராலும் பிறகு கதவைத் திறக்க முடியவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. மேல்தளத்தில் அங்கிள் அரிசித் தூசி ஒட்டிய தொலைநோக்கியோடு தனியே நின்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீர் ஒருக்கா அவவைக் கேட்டுப் பாரும் தம்பி. நான் கேட்டால் சண்டையாய்ப் போகும். இஞ்சையும் பாக்காட்டி, இனி எங்கை பாக்கப்போறா?"

நான் கீழே ஓடினேன். அன்ரி ஒரு படிக்கட்டுக் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பெயின்ட் வாளியோடு வந்த கப்பல்காரர் ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தூத்துக்குடிக்காரர்.

"தம்பி, உங்கடை கப்பல் கறள் பிடிக்காதோ?" என்று அன்ரி அவரை மடக்கினார்.

"துருவாம்மா? பிடிக்கத்தான் செய்யும். டெய்லி சுரண்டி பெயின்ட் அடிப்போம். மறுபடி பிடிக்கும், மறுபடி அடிப்போம். அதுக்காக கப்பல கொண்டுபோய் வீட்டுக்குள்ளயா வைக்க முடியும்?"

அன்ரி அவரை உற்றுப் பார்த்தார். பெனியன் துண்டை மடித்தார்.

"எங்கை அடிச்சனீங்கள்? காட்டுங்கோ பாப்பம்."

"மேல, கம்பி பூரா காலையில அடிச்சேன்."

பெயின்ட் பார்க்கத்தான் அன்ரி மேலே வந்தார், சூரியனைப் பார்க்க அல்ல. தளத்துக்கு வந்ததும் குனிந்து, கம்பியை விரலால் தடவித் தடவி நடந்தார். "இதிலை கிளம்பீட்டுது, பாருங்கோ" என்று ஒரு பொட்டுக் கறளை அங்கிளுக்குக் காட்டினார். அங்கிள் தொலைநோக்கியை அவர் கையில் வைத்துக் கரையைக் காட்டினார்.

கரை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. விழப்போகும் வெயில் மெரின் டிரைவ் மாடிகளில் பட்டு, ஒவ்வொரு யன்னலும் ஒரு விளக்காய், பம்பலப்பிட்டியில் இருந்து தெகிவளை வரை பொன் வரிசை. எத்தனை வருடம் அந்த மாடியில் படுத்தெழும்பியிருக்கிறேன், வெளியிலிருந்து அது இப்படி இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தெரியாது.

"அந்தா எங்கடை பிளாட்ஸ்! ஒண்டு, ரண்டு, மூண்டு..." அன்ரி எண்ணினார். எண்ணியவர் நிறுத்தினார். "உதென்ன, அந்த ஒரு வீடு மட்டும் பல்லு விழுந்த மாதிரிக் கறுப்பாய்க் கிடக்குது? ஆருடைய வீடு?"

நான் கம்பியைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"எங்கடை" என்றார் அங்கிள்.

அன்ரி தொலைநோக்கியை இறக்கினார். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் திரும்பியிருக்கவேண்டும். திரும்பினார்.

கரை இல்லை, மரம் இல்லை, ஒரு படகுகூட இல்லை. வானமும் தண்ணீரும் மட்டும். நடுவில் சூரியன், கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, கண் கூசாமல் பார்க்கக்கூடிய சிவப்பில். அது கடலைத் தொட்டதும் தொட்ட இடத்தில் இருந்து எங்கள் கப்பல் வரை நெய் ஊற்றியது போல ஒரு பாதை ஓடிவந்தது. மேகங்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பேர் தெரியாத நிறங்களுக்கு மாறின. பாட்டுப் போட்டவன் பாட்டை நிறுத்தினான். அழுத குழந்தைகூட ஓய்ந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணும் கலங்கியது. சூரியனின் கடைசிக் கீற்று ஒரு கணம் நின்று, பிறகு போய்விட்டது.

உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அன்ரி துடைக்கவில்லை.

"இஞ்சருங்கோ," குரல் மிகச் சின்னதாக வந்தது. "இது ஒவ்வொருநாளும் நடக்கிறதோ?"

"ஓமப்பா. எங்கடை வாசலிலைதான்."

அன்ரி அங்கிளின் கையைப் பிடித்தார். எண்ணெய்க் கை. வழுக்கியது. திரும்ப இறுக்கிப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அன்ரியைத் தாங்கமுடியவில்லை. தினமும் நாலு மணிக்கே போய் மேல்தளத்தில் இடம் பிடித்து, மறைத்து நின்றவர்களுக்கெல்லாம் ஏச்சு. திருகோணமலையில் சூரியன் தரைப்பக்கம் இறங்கியதைக் கப்பல்காரரின் கவலையீனம் என்றே முடிவு கட்டினார்.

வீடு திரும்பிய அன்றே அரிசிக்குள் இருந்த கத்தரிக்கோல் வெளியே வந்து தறப்பாளை வெட்டியது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னமே ரீவி பழுதாய்ப் போனது. பிரிட்ஜின் காலில் கறள் ஏறியது. "வரும் தம்பி. சுரண்டிப்போட்டுப் பூசுவம். திரும்ப வரும், திரும்பப் பூசுவம்" என்றார் அன்ரி, தானே கண்டுபிடித்தது போல.

நாங்கள் இப்போது கல்கிசைக்கு வீடு மாறிவிட்டோம். வேலை முடிந்து கோட்டை ஸ்டேஷனில் கரையோர ரயில் ஏறுவேன். வெள்ளவத்தை வந்ததும் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பிப் போனைத் தூக்குவார்கள். நான் ஒருவன்தான் மறுபக்கம் திரும்பி நிற்பேன். நாலாம் மாடிப் பல்கனியில், கறள் பிடித்த இரண்டு கதிரையில், இரண்டு தலை தெரியவேண்டும். தெரிந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது படும்.