பூனைச் சாமியாரின் கறுப்புக் கயிறு

பூனைகளுக்கென்றே ஒரு சாமியார் முளைத்திருந்தார். மனிதர்களுக்குத் தலையெழுத்துப் பார்க்கும் தொழிலில் போட்டி அதிகமாகிவிட்டதோ என்னவோ, நாலுகால் பக்கம் திரும்பிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் பிடித்திருந்த வாடகை வீட்டு வாசலில், கூடையும் அட்டைப்பெட்டியுமாகக் கூட்டம் நெரிந்தது. பூனைக்குட்டிக்கு வயிற்றோட்டமா? கண்திருஷ்டி. மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினால் நின்றுவிடும். பிழைத்த குட்டி அவர் மகிமை. பிழைக்காத குட்டி, வளர்த்தவர்களின் நம்பிக்கைக் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் சாமியாருக்கு அடிபடாது.

தையல்காரியும் அந்த வரிசையில் நின்றாள். மழையில் நனைந்து கிடந்த குட்டியை வீட்டோடு இருந்த தன் கடைக்குள் தூக்கி வந்து, வெட்டுத்துணியில் படுக்க வைத்து, வேளை தவறாமல் பசும்பால் ஊற்றினாள். பேதி பிடித்துக்கொண்டது. “ஊர்க் கண்ணு பட்டுடுச்சுடி” என்று இழுத்து வந்தவள் எதிர்வீட்டு அக்கா.

சாமியார் குட்டியின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார். “இது அவிழ்ந்தா உயிர் தங்காது. பாலைத் தவிர வேற எதுவும் குடுக்காதே.”

பால் உள்ளே போனது. போன வேகத்தில் வெளியே வந்தது. குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. தையல்காரி ஊசியையும் நூலையும் அப்படியே போட்டாள். சாமியாவது பூதமாவது என்று குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

“என்னம்மா குடுக்கிறீங்க?” என்றார் அவர்.

“பால்தான் டாக்டர். பூனைக்கு வேற என்ன குடுப்பாங்க?”

“முதல்ல அதை நிறுத்துங்க. பசும்பால் நிறைய குட்டிகளுக்குச் செரிக்காது.” மலத்தைச் சோதித்துவிட்டு, “புழுவும் இருக்கு” என்றார். வற்றிக் கிடந்த உடம்புக்கு ஊசிவழியே நீர் ஏற்றினார், புழுமருந்து கொடுத்தார். “பட்டினி போடாதீங்க. குட்டிங்களுக்குன்னு விக்கிற தீனியைக் குழைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும். குளிர விடாதீங்க. மறுபடி சோர்ந்தா உடனே தூக்கிட்டு வாங்க. சின்ன உடம்பு, தாங்காது.”

வீடு திரும்பியவள் சாமியார் கயிற்றை வெட்டிப் பையில் போட்டாள். அப்புறம் ஏதோ தோன்ற, மெஷினில் இருந்த கறுப்பு நூலைத் திரித்து அதே இடத்தில் தளர்வாகக் கட்டினாள்.

அளவு நாடாவைக் கடித்து இழுக்கும் அளவுக்குக் குட்டி தேறியதும், அதைக் கொண்டுபோய்ச் சாமியார் முன்னால் நீட்டினாள். எதிர்வீட்டு அக்காவும் கூடவே வந்தாள்.

“பார்த்தீங்களா, என் கயிறு செஞ்ச வேலையை” என்று சாமியார் கூட்டத்தைப் பார்த்தார்.

“இதே கயிறுதானா சாமி? தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.”

தொட்டார். கண்ணை மூடினார். “இதேதான். என் மந்திரம் கையைச் சுடுது.”

“இது என் தையல் மெஷின் நூல் சாமி. உங்களது என் பையில கிடக்கு.” எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

சாமியார் அசரவில்லை. “என் சக்தி உன் நூலுக்கும் தாவியிருக்கு.”

“வீட்டு நூலுக்கே தாவும்னா, இத்தனை பேர் எதுக்கு இங்க வெயில்ல நிக்கணும்?”

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசையே சிரித்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல், “அந்த டாக்டர் எங்கடி இருக்காரு?” என்று கேட்டாள். கூடைகள் ஒவ்வொன்றாக அவள் பின்னால் நகர்ந்தன. சாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூனைக்குட்டியின் வயிறு பரவாயில்லை. ஒத்துக்கொள்ளாததை அன்றைக்கே வெளியே தள்ளிவிடுகிறது. எந்தப் புளுகை ஊற்றினாலும் செரித்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்கும் நம் மூளையைத்தான் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.