குண்டமும் மூத்திரக் குப்பியும்

அரியூர் நாடு, கொல்லிமலை
சித்திரை, 1941

சிரஞ்சீவி மைத்துனன் மாதேஸ்வரனுக்கு, உன் அக்காள் புருஷன் காளியண்ணன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம், என் கால்கள் உள்பட. சேலத்தில் நீயும் குழந்தைகளும் சுகமா என்று பதில் எழுதவும்.

மாப்பிள்ளை, நீ கம்பவுண்டராக இருக்கும் ஆஸ்பத்திரியின் பேரில் எனக்கு வருத்தம். நான் வந்தது எதற்கு? உள்ளங்காலில் ஒரு கொப்புளம் ஆறவில்லை, களிம்பு வாங்கத்தானே? மலையை விட்டு இறங்கி, பஸ்ஸில் குலுங்கி வந்து காலை நீட்டினால், உங்கள் டாக்டர் ஒரு குப்பியைக் கொடுத்து மூத்திரம் கொண்டு வா என்கிறார். பல்வலி என்று போனவனிடம் யாராவது தலைமயிரைக் கேட்பார்களா? பெரிய மனிதர் கேட்கிறாரே என்று மரியாதைக்காகக் கொடுத்தேன். நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார், செங்கல் நிறம் வந்தது. மருந்தில்லாமல் தனியாகக் காய்ச்சினார், வெள்ளையாகத் திரிந்தது. பிறகு ஊசியால் காலில் குத்தி வலிக்கிறதா என்றார். எங்கே குத்தினீர்கள் என்று நான் அவரைக் கேட்டேன். அதற்குப் போய் அவர் முகம் வாடுவானேன்?

"உமக்கு மதுமேகம். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை கால் நரம்பையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒன்று பழுதானவரிடம் மற்றதையும் பார்க்க வேண்டும். உமக்கு இரண்டும் பழுது. இனி நெருப்பில் காலை வைக்காதீர்" என்றார்.

என்னிடமா இதைச் சொல்வது! நம் அரியூர் நாட்டில் அம்மன் திருவிழாவின் தீக்குண்டத்தில் முதலில் இறங்குகிறவன் நான். சில வருஷங்களாகத் தணலில் நின்றாலும் எனக்குச் சூடே தெரிவதில்லை. அம்மனே என் காலில் நிற்கிறாள் என்று ஊரார் பால் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். அம்மன் கொடுத்த வரத்துக்கு அவர் வியாதிப் பெயர் வைக்கிறார். நான் விலகினால் அந்த முதல் மரியாதை பங்காளி சின்னராசுக்குப் போகும். அவன் அதற்காகவே விரதம் இருக்கிறான்.

உன் அக்காள் பொன்னாயியோ டாக்டர் கட்சி. தேனையும் பலாப்பழத்தையும் பூட்டி வைத்துவிட்டாள். "ஏனுங்க, காலு வீங்கியிருக்குது, ஒண்ணுக்குப் போனா நுரை நுரையாக் கெடக்குது. இந்த வருசம் எறங்க வேண்டாமுங்க" என்கிறாள்.

"நுரைக்கும் நெருப்புக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன். "அதை டாக்டரையே கேளுங்க" என்றாள். ஆகவே நீ டாக்டரிடம், கால் வேறு, சிறுநீரகம் வேறு, இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று ஒரே ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. அவளிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இறங்குவேன்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காளியண்ணன்

பின்குறிப்பு: தபால்காரர் திருவிழா முடியும்வரை மலையேறவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். என்னைச் சுமந்து இறக்க டோலி கட்டச் சொல்லியிருக்கிறேன், பொன்னாயியும் நானும் உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறோம். குண்டத்தன்று காலையில் என் பாதத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். உள்ளங்காலிலிருந்து ஒடிந்த இலந்தை முள் ஒன்றை உருவினாள். கூடவே சீழ் வந்தது. "வலிக்கலீங்களா?" என்றாள். "எது?" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சின்னராசைக் கூப்பிட்டு, நீயே முதலில் இறங்கப்பா என்று சொல்லிவிட்டேன். அவன் பாதிக் குண்டத்தில் "ஐயோ ஆத்தா, சுடுதே!" என்று அலறிக்கொண்டு ஓடினான். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.