துப்பாக்கிக்குள் பொன்னி அரிசி

காலியாக இருக்கும் எதையும் காலியாக விடத் தெரியாத வம்சம் எங்களுடையது. ஊரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியபோது குக்கருக்குள் துவரம்பருப்பு, டம்ளருக்குள் மிளகு, ஷூவுக்குள் சுண்டைக்காய் வற்றல் என்று அடைத்துக் கட்டியவள் நான். (விமான நிலையத்தில் அந்த ஷூவை முகர்ந்து பார்த்த நாய், மேற்கொண்டு நடக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.) இந்தக் குணம் பெட்டி கட்டுவதோடு நின்றிருந்தால் மரியாதையாகப் பிழைத்திருப்பேன். அது துப்பாக்கி வரைக்கும் வந்துவிட்டது.

பயப்பட வேண்டாம், லைசென்ஸ் உள்ள வேட்டைத் துப்பாக்கிதான். சிட்னியின் நார்த்மீடில் எங்கள் தெருவிலேயே இருக்கும் குமரன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் கணக்காளர், விடுமுறையில் பன்றி வேட்டைக்காரர். மேற்கே வெகுதூரத்தில் கிளென் என்பவரின் கோதுமைப் பண்ணை இருக்கிறது. அங்கே காட்டுப் பன்றிகள் வயலை உழுது நாசமாக்குகின்றன. குமரன் அண்ணா சொன்ன கதைகளைக் கேட்டு எனக்கும் ஆசை பிடித்தது. திண்டுக்கல்காரி, வாசம் பிடித்தால் விடமாட்டேன். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அவருடைய பழைய துப்பாக்கியையே வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் செந்தில் திருநெல்வேலி சைவம். கொசுவைக்கூட ஜன்னலைத் திறந்து வழியனுப்பி வைப்பவர். நான் இரண்டு முறை வேட்டைக்குப் போய் வெறுங்கையோடும் உண்ணிக் கடியோடும் திரும்பியபோது பொறுமையாக இருந்தார். மூன்றாவது பயணத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தார்.

"கோபப்படாதே. இந்தத் தடவையும் ஒண்ணும் கிடைக்கலேன்னா அதை வித்துருவோமா?"

"சரி, வித்துரலாம்" என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர, மனசு சொல்லவில்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறவளுக்கு, அந்தப் பண்ணையின் சாயங்காலம் ஒன்றுதான் முழுக்கத் தன்னுடையதாக இருந்தது. போதாததற்கு, பன்றி சுடத் தெரிந்தவர்களை மட்டும் அடுத்த பருவத்துக்குக் கூட்டி வரும்படி கிளென் குமரன் அண்ணாவிடம் சொல்லியிருந்தார். அதில் 'மட்டும்' யாரைப் பார்த்துச் சொன்னது என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதற்கு நடுவில் துப்பாக்கியின் மரக்கட்டை பிடிக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிறோமே, அந்தக் கட்டை. ஆறடி குமரன் அண்ணாவுக்கு ஏற்ற நீளம்; ஐந்தடியைத் தொட்டும் தொடாத நான் அதை ஏந்தினால் துப்பாக்கிதான் என்னைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

"மரத்தை விடும் பிள்ளை" என்றார் அண்ணா. "சிந்தெடிக் கட்டை போடும். மழை வெயில் எண்டு பாக்கத் தேவையில்லை. ஆனா மலிஞ்சது சிலது முன்பக்கம் வளையும். வளைஞ்சு குழாயில முட்டினா குறி தவறும். பாத்து எடும்."

பார்த்தேன். என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கள்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். துப்பாக்கியின் மாடல், வலக்கையா இடக்கையா, நீளம், எடை என்று எல்லாப் பொருத்தமும் பார்த்தேன். கண்ணாடியிழையில் செய்தது அருமை. அதன் விலைக்கு நான் ஊருக்கே போய்வரலாம். கடைசியில் ஒரு கடையில் தள்ளுபடியில் சாம்பல் நிறக் கட்டை ஒன்று கிடைத்தது. கத்தரிக்காய் வாங்குவதுபோல முன்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், வளையவில்லை. வீட்டில் பூட்டிப் பார்த்தபோது குழாய்க்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் சுலபமாக நுழைந்து வந்தது. அந்த விலைக்கு அப்படி ஒரு கட்டை எடுத்ததற்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தக் கட்டையின் பின்னால், நீளத்தைக் கூட்டுவதற்காக, தோளில் படும் ரப்பருக்கு அடியில் சில தகடுகள் இருந்தன. என் உயரத்துக்கு அவை வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றினேன். தகடு போனதும் இரண்டு ஸ்க்ரூவும் நீளம் அதிகமாகிவிட்டன. மேல் ஸ்க்ரூவை எப்படியோ முறுக்கலாம் என்று தெரிந்தது. கீழ் ஸ்க்ரூ பாதியிலேயே அடம் பிடித்தது. ஒன்று போதும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று அதை மேசை டிராயரில் போட்டேன். (நம் இனத்தின் வீழ்ச்சிகள் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.)

ரப்பர் கழன்ற நிலையில் உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தனையும் காலி! தட்டினால் வெறும் தகர டப்பா சத்தம். எடையும் இல்லை, எடை குறைந்தால் சுடும்போது உதை பலமாக இருக்கும் என்று அண்ணா சொல்லியிருந்தார். வீடியோக்களில் எல்லோரும் அந்த இடத்தை நுரையால் நிரப்பினார்கள். அவர்கள் வீட்டில் நுரை இருந்தது, என் வீட்டில் பொன்னி அரிசி இருந்தது. புனல் வைத்து விளிம்பு வரை நிரப்பி, ரப்பரைப் போட்டு முறுக்கினேன். குலுக்கினால் சத்தமே இல்லை.

குறி பார்க்கும் திடலில் மேசைமேல் படுக்க வைத்துச் சுட்டபோது குண்டுகள் எல்லாம் நடுவிலேயே விழுந்தன.

"நல்ல பாரமாக் கிடக்கு" என்று அண்ணா கையில் வாங்கிப் பார்த்தார். "இந்த விலைக்கு இப்பிடி ஒரு கட்டையோ?"

தொழில் ரகசியம் என்று புன்னகையோடு நின்றேன்.

பண்ணையில் மத்தியானம் போல என்னை வேலிக்கருகே இறக்கிவிட்டு, அண்ணா எதிர்ப்பக்க மேட்டுக்குப் போனார். துப்பாக்கியை வாரில் மாட்டி, குழாய் மேலே, கட்டை கீழே என்று முறைப்படி தோளில் தொங்கவிட்டு ஓடைக்கரை ஓரமாக நடந்தேன். அதுவரை அந்தத் துப்பாக்கி படுத்துத்தான் பழகியிருந்தது. இப்போதுதான் முதல்முறையாக நின்றது. கீழ் ஸ்க்ரூ இல்லாத ஓட்டை வழியாக, அடிக்கு ஒரு சிட்டிகை என்று பொன்னி அரிசி உதிரத் தொடங்கியது. எனக்குத் தெரியாது. நடக்க நடக்க உடம்பு லேசாகிறதே, தினமும் யோகா செய்வதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்ததும், பின்னாலேயே ரோஜா நிறக் கிளிக்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. கத்தலான கத்தல். வேட்டைக்காரி மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பது பாடம். என்னைச் சுற்றியோ கல்யாணப் பந்தி நடந்தது. "ச்சூ, போ" என்று கிசுகிசுத்தேன். துப்பட்டாவை ஆட்டினேன். ஒரு கிளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கொத்தியது. என்ன கொத்துகிறது என்று பார்த்தேன். வெள்ளையாக, நீளமாக, எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று.

திரும்பிப் பார்த்தால் வேலியிலிருந்து என் காலடி வரைக்கும் கோலம் போட்டதுபோல் ஒரு கோடு. கட்டையைத் தட்டினேன். தகர டப்பா சத்தம். அழுகையே வந்துவிட்டது. துப்பாக்கியை விற்கும் விளம்பரத்தில் 'அரிசி நீங்கலாக' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கிளிகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் பறந்தன. ஓடைப் புதரிலிருந்து கறுப்பாக, பீரோ அகலத்துக்கு ஒன்று வெளியே வந்தது. காற்று அதன் பக்கமிருந்து என் பக்கம் வீசியதால் என் வாசம் அதற்குப் போகவில்லை. அதன் காலடியில் சிந்திக் கிடந்த அரிசியின் வாசம் போயிருந்தது. தலையைத் தூக்காமல், அரிசிக் கோட்டிலிருந்து இம்மி பிசகாமல், சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து வந்தது. மூன்று பயணமாக நான் தேடிய பன்றி, பந்தியில் இடம் பிடிக்க வருவதுபோல் தானாக வந்துகொண்டிருந்தது.

துப்பாக்கியைத் தூக்கினேன். முழங்காலில் முட்டுக் கொடுத்தேன். அது பக்கவாட்டில் திரும்பிய நொடியில் சுட்டேன்.

அரிசி இருந்தபோது இல்லாத உதை அது. குறி பார்க்கும் ஸ்கோப் வந்து புருவத்தில் இடித்தது. ரத்தம் வழிந்தது. யாரோ என்னைத்தான் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பினேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பன்றி அரிசிக் கோட்டின்மேல் அசையாமல் கிடந்தது.

அண்ணாவும் கிளெனும் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பன்றியைப் போன வருஷத்திலிருந்து தேடுவதாகச் சொன்ன கிளென், தரையில் குனிந்து நாலு அரிசியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அண்ணா என் துப்பாக்கியை வாங்கிக் குண்டு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, கட்டையைச் சாய்த்தார். மிச்சம் இருந்த அரிசி அவர் பூட்ஸ்மேல் கொட்டியது.

"என்ன பிள்ளை இது? பன்றி சுட வந்தனீரோ, புக்கை பொங்க வந்தனீரோ?"

அவர் ஊரில் பொங்கலுக்குப் புக்கை என்று பெயர். நான் புருவத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். கிளென் சிரித்துச் சிரித்து வண்டியில் சாய்ந்துவிட்டார். அடங்கியதும், அடுத்த பருவத்துக்கு அண்ணா வராவிட்டாலும் பரவாயில்லை, நான் கட்டாயம் வரவேண்டும் என்றார். வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. அன்று அந்த வயலில் என்னைவிட உயரமான ஆள் யாருமில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த செந்தில், புருவத்தின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து வெலவெலத்துப் போனார். உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விற்கும் பேச்சு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எந்த அரிசி? புது மூட்டையா?" என்றார்.

"ஆமா."

அவ்வளவுதான். விற்கும் பேச்சு அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. காரணம் அடுத்த வாரம் கோவில் அன்னதானக் கூடத்தில் தெரிந்தது. என் புருவத் தழும்பைப் பற்றி யாரோ விசாரிக்க, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வீட்டு விருந்திலும் இந்தக் கதையைச் சொல்வது அவர்தான். வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடும் மனிதர், கையில் தயிர்சாதத் தட்டோடு, துளியும் சிரிக்காமல் இப்படித்தான் முடிப்பார்:

"சுட்டது அவதான், இல்லேங்கல. ஆனா பன்னியைக் கூட்டிட்டு வந்தது நான் வாங்கின அரிசி."