நாற்பத்து நான்கு படிகள்

ஸ்கேன் ரிப்போர்ட் நன்றாக வந்ததென்று ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்ததுதான் பிரேமலதா செய்த தவறு. மறுநாளே இன்டர்காம் ஒலித்தது.

"குணமாயிடுச்சாமே, சந்தோஷம். திங்கக்கிழமை உங்க ரூமைக் காலி பண்ணிட்டு, பழையபடி ரெண்டாவது மாடிக்கு வந்துடுங்க," என்றார் மேலதிகாரி தைரியராஜ்.

"கால் இன்னும் சொன்னபடி கேக்கலை சார்."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையே."

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, அதை வீங்கவைத்து, உள்ளே புகுந்து நரம்பின் உறையைத் தின்றன. மாதம் ஒருமுறை ட்ரிப்ஸில் ஏறும் ஆன்டிபாடி மருந்து அவற்றை ஒட்டவிடாமல் தடுத்தது. வீக்கம் வடிந்துவிட்டது. தின்றது தின்றதுதான்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். தரைத்தளத்து அறை போனால் வேலையை விட வேண்டியதுதான்.

தில்லைநகர் டாக்டரிடம் கடிதம் கேட்டாள். 'மருந்து மிகச் சிறப்பாக வேலை செய்கிறது' என்பது அதில் முதல் வரி. பழைய தழும்புகளால் கால் தளர்ச்சி நீடிக்கும் என்பது நான்காவது வரி. தைரியராஜ் முதல் வரியை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பினார்.

கைத்தடியுடன் வந்தாள்.

"ஸ்வீட் குடுத்தப்ப தடி இல்லையே மேடம்," என்றாள் டைப்பிஸ்ட் சுஜா.

மறுநாள் தடியை ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ் கம்பியைப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள்.

"பாத்தீங்களா, ஒரே நாள்ல தடியே வேண்டாம்னு ஆயிடுச்சு," என்றாள் சுஜா.

கடைசியில் மனு எழுதினாள். மனுவை மேலே வந்து நேரில்தான் தர வேண்டும் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை ஏறினாள். நாற்பத்து நான்கு படிகள், முக்கால் மணி நேரம். இடது கால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல ஒவ்வொரு படியிலும் பின்தங்கியது. முதல் மாடி ஜன்னலருகே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு மிச்சத்தையும் ஏறினாள்.

அதிகாரியின் நாற்காலி காலியாக இருந்தது. கடைநிலை ஊழியர் அம்மாசி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாரைப் பார்க்கணுங்க. மாடி ஏற முடியலைன்னு ஒரு மனு."

அம்மாசி மனுவைப் பார்த்தார். வியர்த்து நின்ற அவளையும் பார்த்தார்.

"சார் இனிமே மேல வரமாட்டாரு மேடம். முட்டி தேஞ்சுடுச்சு, மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம், அதான் போன வாரமே உங்க ரூமைக் கேட்டு வாங்கிட்டாரு."