மகாராணி ஏறாத வண்டி

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்திலாவது முடிவை நான்தான் எடுப்பேன்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் தனியாகப் போய் எடுத்துக்கொண்டது முடிவு அல்ல, முடி. அதுவும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று என் மனைவி சலூனுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுவாள். அவள் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் நான் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன்.

விஷயம் இதுதான். எங்களிடம் இரண்டு குதிரைகள் உண்டு. உடனே பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மற்றவர்கள் கார் வாங்கினார்கள், மாடி கட்டினார்கள். நாங்கள் குதிரை வாங்கினோம். மூத்தது மகாராணி, இருபத்திரண்டு வயதுப் பெண் குதிரை. இளையவன் தூங்குமூஞ்சி. அவனைப் பற்றிச் சொல்ல அந்தப் பெயரே போதும்.

இரண்டும் இருந்தது எங்கள் தெருவுக்குப் பின்னால், பத்து நிமிஷ நடையில் உள்ள பழைய லாயத்தில். முதல்நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் சாப்பாட்டில் கை வைத்த நேரம் பார்த்து அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த லாயம் இனிமே லாயக்கில்லை."

"ஏன், என்ன குறைச்சல்?"

"கூரை ஒழுகுது. குழாயில ஒரு வாளி தண்ணி ரொம்பறதுக்குள்ள நான் ஒரு கட்டு விடைத்தாள் திருத்திடறேன். பக்கத்துல மரம் அறுக்கிற ஆலை வந்ததுலேர்ந்து ஒரே தூள். மலைக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு லாயம் இருக்கு. பெரிய பெரிய ஜன்னல், சுத்தி முழுக்கப் புல்லு. டாக்டர் அங்கேயே இருக்கார்."

"எவ்வளவு தூரம்?"

"இருபத்தி மூணு கிலோமீட்டர்."

"அது லாயம் இல்லை, வெளியூர்!"

"சரி, நீங்களே யோசிச்சு ஒரு முடிவைச் சொல்லுங்க" என்றாள் அவள்.

எனக்குப் புரையேறியது. 'நீங்களே' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அந்த ஒரு சொல் கொடுத்த தெம்பில்தான் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அப்படி ஒரு தீர்மானம் வந்தது. முடிவு என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குதிரைகள் நகரக் கூடாது.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்தேழு வருஷம் முன்னால், அந்த லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் புதுக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அங்கே ஒரு பெண் பழுப்புக் குதிரையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் என்னுடையதுதான், ஆனால் "கொஞ்சம்" என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வாத்தியார் என்னைத் தூக்கி இன்னொரு குதிரையில் வைத்தார். அந்தக் குதிரை என்னைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் வைத்தது. என் கண்ணாடி இரண்டாக உடைந்தது. மறுநாள் அந்த இரண்டு துண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவள் என் கடைக்கு வந்தாள். "இதைச் சரி பண்ண முடியுமா?" என்றாள். சரி பண்ண நாலு நாள் ஆகும் என்றேன். அரை மணி நேர வேலை அது. நாலு நாளும் வந்து, ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் மகள் ஏழாம் வாய்ப்பாடு படித்ததும் அந்த லாயத்தில்தான். தீவனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மகாராணிக்கு ஒப்பிப்பாள். மகாராணி ஈ விரட்டத் தலையை ஆட்டினால், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குவாள். இப்போது வேறு ஊரில் வேலை. போன் பண்ணினால் மகாராணி சாப்பிட்டாளா என்று முதலில் கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்பது மூன்றாவது கேள்வி, சில நாள் நான்காவது.

மகாராணி வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அங்கே போய் நின்றிருக்கிறேன். வைக்கோல் வாசனை, சேணத்துத் தோல் வாசனை, லாடக்காரரோடு நின்றபடி ஒரு டீ. இதையெல்லாம் எந்த வண்டியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவது?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மகாராணியை வைத்தே முடித்துவிடுவது என்று.

மகாராணிக்கு வண்டி என்றாலே ஆகாது. பதினோரு வருஷம் முன்னால் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோக நாலு பேர் சேர்ந்து மூன்று மணி நேரம் தள்ளினோம். கண்காட்சி முடிந்துபோனது, அவள் ஏறவில்லை. லாடக்காரரின் முன்பல் ஒன்று மட்டும் அன்றைக்கு இடம் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூப்பிட்டு, நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமினேன்.

"யோசிச்சுட்டேன். மகாராணி தானா வண்டியில ஏறினா புது லாயத்துக்குப் போகலாம். யாரும் தள்ளக் கூடாது, யாரும் இழுக்கக் கூடாது. ஏறலைன்னா இந்தப் பேச்சே இனிமே வரக் கூடாது."

அவள் முகம் வாடினது மாதிரி இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"அவ எங்கேங்க ஏறுவா?"

"அது அவ இஷ்டம். நாம என்ன பண்ண முடியும்?"

"ஸ்கூல்ல பரீட்சை நடக்குது. மூணு வாரம் கழிச்சு வெச்சுக்கலாமா?"

தாராளமாகக் கொடுத்தேன். ஜெயிக்கப்போகிறவன் தாராளமாக இருப்பதில் என்ன கஷ்டம்?

அந்த மூன்று வாரமும் நான் நடந்த நடையே வேறு. கடையில் ஒருவருக்கு இடது கண்ணுக்குப் பதில் வலது கண்ணைச் சோதித்துவிட்டு, அதற்கும் சிரித்தேன். லாயத்து மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் போனேன். மர ஆலை வண்டி என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு வண்டியின் தார்ப்பாயை எடுத்துப் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லாடக்காரர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். பழைய பல்லை நினைத்துப் பயப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மனைவி கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

மகாராணி கொட்டடியை விட்டு வெளியே வந்தாள். சோம்பல் முறித்தாள். நேராக நடந்தாள். பலகையில் டக் டக்கென்று ஏறினாள். உள்ளே போய்த் திரும்பி நின்று, 'என்ன, இன்னும் நிற்கிறீர்கள்?' என்பது போல என்னைப் பார்த்தாள்.

தூங்குமூஞ்சியும் கண்ணை மூடிக்கொண்டே பின்னால் ஏறினான்.

"என்னய்யா இது அதிசயம்?" என்றேன்.

"என்ன சார் அதிசயம்? பதினெட்டு நாளா பழகின வண்டிதானே" என்ற லாடக்காரர், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதினெட்டு நாளா?"

"தினம் நாலு மணிக்கு டீச்சரம்மா இதுக்குள்ளதான் சார் ரெண்டுக்கும் சாப்பாடு வெப்பாங்க. மொதல் நாள் பலகை மேல. அப்புறம் வாசல்ல. அப்புறம் உள்ளே. நேத்து சாப்பிட்டுட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா."

மனைவியிடம் திரும்பினேன்.

"இது மோசடி!"

"எதுங்க மோசடி? தள்ளக் கூடாதுன்னீங்க, தள்ளலை. இழுக்கக் கூடாதுன்னீங்க, இழுக்கலை. சாப்பாடு போடக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

"பரீட்சைன்னியே?"

"பரீட்சைதான். மகாராணிக்கு."

வண்டியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி போனேன். மலை ஏறும்போது அவளே பேசினாள்.

"உங்களுக்கு மட்டும்தான் அந்த இடம்னு நினைக்காதீங்க. தொட்டியிலேர்ந்து சொட்டச் சொட்ட எழுந்து நின்னு, 'தண்ணி நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்னீங்களே, அன்னிக்கு அங்கே நானும்தானே இருந்தேன்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்க போறது காலையில. ஆலை திறந்திருக்காது. மத்தியானத்துக்கு மேல மகாராணி இருமறதை நீங்க கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிறா. டாக்டர் சொன்னார், இந்தத் தூள்ல இன்னொரு வருஷம் இருந்தா நுரையீரல் தாங்காதுன்னு. பொண்ணுகிட்டகூடச் சொல்லலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சாப்பிட மாட்டீங்க."



புது லாயத்தில் மகாராணியை அவிழ்த்துவிட்டார்கள். முதலில் நின்றாள். மூக்கைத் தூக்கி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இருபத்திரண்டு வயதையும் மறந்துவிட்டு ஓடினாள். ஓடிப்போய்ப் புல்லில் விழுந்து நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு புரண்டாள். இருமல் வரும் என்று மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினோம். அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் இவள் அழுதாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடிக்காரனுக்கு அது ஒரு வசதி.

இப்போது ஒரு ஆண்மகன் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி. நிமிர்ந்து நின்றேன்.

"நான் முடிவு பண்ணிட்டேன். இவங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் அவள், பணிவாக.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எப்படியோ, முடிவைச் சொன்னது நான்தானே?

மறுநாள் காலை என் கால்கள் பாட்டுக்கு என்னைப் பழைய லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. மகாராணியின் கொட்டடியில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக் குதிரை நின்று என்னை யார் என்று பார்த்தது.

லாயத்துக்காரரிடம் போனேன். "நேத்துதானே காலி பண்ணினோம். அதுக்குள்ளேயா வேற ஆள் பிடிச்சுட்டீங்க?"

"அதுக்குள்ளேயா? நீங்கதான் முன்னாடியே கடிதம் குடுத்துட்டீங்களே சார்" என்று மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினார்.

மனைவியின் குண்டு குண்டான எழுத்து. 'நாங்கள் இருவரும் கலந்து பேசி, வருகிற நாலாவது ஞாயிற்றுக்கிழமை குதிரைகளைப் புதிய லாயத்துக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறோம்.' தேதியைப் பார்த்தேன். அவள் என்னிடம் பேச்சை ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை. கடிதத்தில் இருந்தது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை.

கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.