ஆர்லன் மாஸ்டர் இடித்த மான்

“மானை இடிச்சது நீங்கதானா?” என்று போனில் கேட்டாள் ஷெரீப்பின் போலீஸ் அலுவலகத்துப் பெண்.

ஆர்லன் தன் காலடியில் கிடந்த மானைப் பார்த்தார். சாலையோரப் பனியில் அசந்து தூங்குவதுபோலக் கிடந்தது. பிறகு தன் காரைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கூரைமேல் ‘டிரைவிங் ஸ்கூல்’ பலகை வழக்கம்போல நிமிர்ந்து நின்றது.

“ஆமாம்மா. நான்தான்.”

சொன்ன மறுநொடியே அவருக்கு வியர்த்துவிட்டது. வடக்கு விஸ்கான்சினில், நவம்பர் மாதக் காலையில் ஒருவருக்கு வியர்க்கிறது என்றால் சும்மா இல்லை.

பொய் அவருக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இத்தனை வருஷத்தில் ஓர் அணில்கூட அவர் சக்கரத்தில் பட்டதில்லை. ‘மான் திடீர்னு குறுக்க வந்துடுச்சு மாஸ்டர்’ என்று யாராவது வாயெடுத்தால் போதும், “மான் திடீர்னு வராது. நீதான் திடீர்னு பாத்திருக்கே” என்பார். மனைவி மேவிஸ் வண்டி ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், கடைக்குப் போய்வருவதற்குள் இதை இரண்டு முறையாவது சொல்லிவிடுவார்.

இப்போது பொய் சொன்னதும் அந்த மேவிஸுக்காகத்தான். முந்தின நாள் சாப்பிடும்போது, டூனா மீன் போட்ட நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டே, “மான்கறி ஸ்டியூ சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு ஆர்லன்” என்று பெருமூச்சு விட்டாள். குடும்பத்துக்கே வேட்டைக்காரன் அவளுடைய அண்ணன் கார்டிதான். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவன் துப்பாக்கி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்லனும் ஒருமுறை வேட்டைக்குப் போயிருக்கிறார். மான் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள். மான் தன் வழியே போயிற்று, இவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதனால்தான் அன்று காலை மில் வளைவில் இந்த மானைக் கண்டதும் காரை நிறுத்தி, முதல் வேலையாகக் கார்டிக்குப் போன் செய்தார். கார்டி தன் பிக்கப் வண்டியில் பறந்து வந்தான். மண்டியிட்டு, மானை மருத்துவர்போலப் புரட்டிப் பார்த்தான்.

“கண்ணு தெளிவா இருக்கு. வயிறு கிழியல, கெட்ட வாடை இல்ல. உடம்புச் சூடே இன்னும் போகல மாப்ளே! வெளியில குளிரு வேற ஃப்ரிட்ஜ் மாதிரி. அருமையான கறி. தலையை மட்டும் நோய் பரிசோதனைக்குக் குடுத்துடுவோம், ரிசல்ட் வந்தப்புறம் அடுப்புல ஏத்தலாம்.”

“அப்ப தூக்கிடலாமா?”

“அவசரப்படாத. ஷெரீப் ஆபீஸ்ல சொல்லாம தூக்கினா கேஸாயிடும். இடிச்சவனுக்குத்தான் மான், பாத்தவனுக்கு இல்ல.”

“நான் பாத்தவன்தானே மச்சான்?”

“நீதான் இடிச்சேன்னு சொல்லிட்டுப் போயேன். மானா வந்து மறுத்துப் பேசப்போவுது?”

அப்படித்தான் அந்தப் பொய் பிறந்தது.

போனில் இருந்த பெண், “பேர் சொல்லுங்க” என்றாள். சொன்னார். “ஆர்லன் மாஸ்டரா?” என்று அவள் கத்தியதும், பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள். “மாஸ்டர், அங்கேயே இருங்க. டெபுடி இங்க்ரிட் நேர்லயே வர்றாங்களாம்!”

இங்க்ரிட்! ‘நீ இன்னும் டெஸ்டுக்குத் தயாராகல’ என்று சொல்லிச் சொல்லி ஒரு கோடைகாலம் முழுக்க அவர் அலையவிட்ட பெண்.

“மச்சான், அவ காரைப் பாப்பாளே!”

“அதுக்கென்ன?” என்று கார்டி சுத்தியலோடு வந்தான்.

பம்பரில் நாலு போடு போட்டார்கள். எட்டி நின்று பார்த்த ஆர்லனுக்குத் திருப்தியில்லை. “மான் மோதின மாதிரி இல்லையே. தச்சன் வேலை பாத்த மாதிரி இருக்கு.”

“அப்ப என் பிக்கப்பால லேசா ஒரு முத்தம் குடுத்துடுறேன். லேசாத்தான்.”

கார்டியின் பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது. பிரேக்கில் வைத்த கால் வழுக்கி ஆக்ஸிலரேட்டரில் விழுந்தது. முன்விளக்கு தூள். பானெட் கூரைபோல நிமிர்ந்தது. ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி விட்டது. ‘டிரைவிங் ஸ்கூல்’ பலகை கழன்று மான்மேல் போய் விழுந்தது.

“இப்ப நம்புவா” என்றான் கார்டி.

இங்க்ரிட் வந்தாள். காரை இரண்டு சுற்று சுற்றினாள். பலகையைப் போர்வைபோலப் போர்த்திப் படுத்திருந்த மானைப் பார்த்தாள்.

“கார் இவ்ளோ நசுங்கியிருக்கு, மான் முழுசா இருக்கே?”

“கெட்டியான மான்” என்றான் கார்டி.

“எப்படி மாஸ்டர் ஆச்சு?”

ஆர்லன் தொண்டையைச் செருமினார். “மான்… திடீர்னு குறுக்க வந்துடுச்சு.”

இங்க்ரிட் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல பாட்டு கேட்பவள்போல இருந்தது அவள் முகம். “இன்னொரு தடவை சொல்லுங்க மாஸ்டர்.”

சொன்னார். அவள் போனில் பதிவும் செய்துகொண்டாள்.

“காரைத்தான் பாத்தாச்சே. மானை எடுத்துக்கலாமா?”

“தாராளமா. காரைப் பாக்கணும்னு சட்டமெல்லாம் இல்ல மாஸ்டர், தகவல் சொன்னாலே போதும். நான் பாக்கணும்னுதான் ஓடி வந்தேன்.”

“இடிச்சவங்களுக்குத்தானே மான்?” என்றார் ஆர்லன் ஈனக்குரலில்.

“முதல் உரிமை அவங்களுக்கு. அவங்க வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டா, பாத்தவங்க யாரு வேணா சொல்லிட்டு எடுத்துக்கலாம்.”

ஆர்லன் கார்டியைப் பார்த்தார். கார்டி பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் வீட்டு வாசலில் யாரோ மான் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை நட்டுவைத்தார்கள். கார் பழக வந்துகொண்டிருந்த நூலகத்து அம்மாள், “நான் கொஞ்ச நாள் நடந்தே போறேன் மாஸ்டர்” என்று போனை வைத்துவிட்டாள். காரைப் பார்க்க வரச்சொல்லி மெக்கானிக் வெண்டலைக் கூப்பிட்டால், “கையில ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்” என்றான். அவன் குரலிலும் சிரிப்பு.

ஆர்லன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். மேவிஸிடம் சொல்வதற்குத்தான் பயந்தார். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாளே!

சாயங்காலம் சிநேகிதி காரில் வந்து இறங்கினாள் மேவிஸ். அவளுடைய காரை, பிரேக் கிறீச்சிடுகிறதென்று காலையிலேயே பட்டறையில் விட்டிருந்தாள்.

“மேவிஸ், நான் ஒரு மானை இடிச்சுட்டேன்.”

கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “நீயா?”

“நான்தான். மில் வளைவுல.”

மேவிஸ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. “உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல. அது… திடீர்னு வந்துச்சு.”

“மான் திடீர்னு வருமா ஆர்லன்?”

“வரும் மேவிஸ்.”

“அப்ப, யாரா இருந்தாலும் இடிக்கத்தான் செய்வாங்க. இல்ல?”

“யாரா இருந்தாலும்.”

அவள் எழுந்து வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த ஆப்பிள் பை கூடச் செய்தாள். அடுத்து வந்த நாட்களிலும் ஒரு குத்தல் பேச்சு இல்லை. ஓட்டலில் யாரோ அவரைக் கேலி செய்தபோது, “மான் வந்தா மனுஷன் என்ன பண்ண முடியும்?” என்று எழுந்து சண்டைக்கே போய்விட்டாள். இப்பேர்ப்பட்ட மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று ஆர்லனுக்குத் தூக்கம் போயிற்று.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டியூ கொதித்தது. கார்டி வந்தான். வாசனைக்கு மயங்கி இங்க்ரிட்டும் வந்தாள். மேவிஸ் முதல் வாய் எடுத்துவைத்துக் கண்ணை மூடினாள். “எங்க அப்பா காலத்து ருசி” என்றாள்.

ஆர்லனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

“அந்த மானை நான் இடிக்கல.”

கார்டிக்குப் புரையேறியது. இங்க்ரிட்டின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“செத்துக் கிடந்துச்சு. நீ ஆசைப்பட்டியேன்னு நான்தான் இடிச்சேன்னு சொல்லிட்டேன் மேவிஸ்.”

“அப்ப காரு?” என்றாள் இங்க்ரிட்.

“அது என் பிக்கப்” என்றான் கார்டி.

இங்க்ரிட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கார்டியும் சிரித்தான். மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

“அப்ப… வேற யாரோ இடிச்சுட்டுப் போன மானா?”

பாரம் இறங்கிய ஆர்லனுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. “எவனோ ரோட்டைப் பாக்காம ஓட்டின மடையன். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மான் திடீர்னு வராது! இடிச்சவன்தான்—”

கதவு தட்டப்பட்டது. மெக்கானிக் வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, மேவிஸின் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தான்.

“புது முன்விளக்கு போட்டாச்சு மேவிஸம்மா, பம்பரையும் நிமித்தியாச்சு. சந்துல சிக்கியிருந்த முடியை எடுக்கத்தான் நேரமாச்சு” என்றவன், ஜன்னல் வழியே முற்றத்தில் நசுங்கி நின்ற ஆர்லனின் காரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“ஆமா, அந்த ஒத்த மானை உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேருதான் இடிச்சீங்க?”